இரண்டாவது முறை இறுக்காத தகடு

என் கையெழுத்து நன்றாக இருக்காது. பிழைகளும் இருக்கும். பர்மியப் பள்ளியில் நாலாவது வரைதான் படித்தேன். தமிழ், கோயிலில் சனி ஞாயிறு நடந்த வகுப்பில் படித்தது. ல, ள இரண்டும் இன்றைக்கும் எனக்குக் குழப்பம். வாசிப்பவர்கள் பொறுத்துக்கொண்டு, என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் பார்க்க வேண்டும்.

அக்கா போய் வருகிற ஐப்பசியோடு ஒரு வருடம். அவருடைய மகள் இங்கே ரங்கூனில், தின்கன்ஜூன் பகுதியில் டீச்சராக இருக்கிறார். அம்மாவைத் தெரிந்தவர்கள் ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள், திதிக்கு முன்னால் சின்னப் புத்தகமாகப் போட்டு எல்லாருக்கும் கொடுக்கலாம் என்று கேட்டார். பபேடான் பகுதிக் கடைக்காரர்கள் நாலைந்து பேர் ஏற்கெனவே கொடுத்துவிட்டார்களாம். அக்காவின் உழைப்பைப் பற்றியும் தைரியத்தைப் பற்றியும் எழுதியிருப்பார்கள். எல்லாம் உண்மை. ஆனால் அக்கா ஒரு வார்ப்புக்காரரைத் தொழில் தெரியாதவர் என்று தெரு முழுக்கச் சொன்னார். அது உண்மை இல்லை. அக்கா அப்படி நினைத்ததற்குக் காரணம் நான். அதை எழுதத்தான் முக்கியமாக உட்கார்ந்திருக்கிறேன்.

அக்காவின் பெயரை எழுதவில்லை. தன் பெயர் எழுத்தில் வருவது அவருக்குப் பிடிக்காது. கடைக்குப் பலகைகூடக் கிடையாது. நாங்கள் அக்கா என்றோம். பர்மியர்கள் அமஜீ என்றார்கள். அதற்கும் அக்கா என்றுதான் அர்த்தம்.

கடை என்றால் கிடங்குதான். போட்டாதாங்கில், ஆற்றோர ரோட்டிலிருந்து ஒரு தெரு உள்ளே. கல் உடைக்கிற கிரஷருக்குத் தகடு விற்றோம். கிரஷரின் வாய்க்குள் இரண்டு பக்கமும் வரிவரியாகப் பல் வைத்த கனத்த தகடு நிற்கும். மேலிருந்து விழுகிற பாறை அந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டி நொறுங்கும். இயந்திரம் தேயக்கூடாது என்பதற்காகத் தகடு தேயும். தேய்ந்ததும் கழற்றிப் புதியதை மாட்ட வேண்டும். மாங்கனீஸ் கலந்த எஃகில் வார்த்த தகடு அது. சங்கிலி போட்டால்தான் அசையும். விற்பது அக்கா, மாட்டிக் கொடுப்பது நான். பன்னிரண்டு வருடம் அப்படி.

கடையில் அக்கா உட்கார்ந்து ரொம்ப வருடம் நான் பார்த்ததில்லை. அவருக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. அதில் பில் புத்தகமும் குடையும் சாப்பாட்டு டப்பாவும் உட்கார்ந்திருக்கும். எதிர் டீக்கடையில் சின்னச் சின்ன முக்காலிகள் போட்டிருப்பார்கள். பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் முழங்கால் காதைத் தொடுகிற மாதிரி அதில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். அக்கா கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நடுவில் நிற்பார். டீக்கடைக்காரர் ஒருநாள், அமஜீ, முக்காலிக்குத் தனியா காசு கேக்க மாட்டேன் என்று கேலி செய்தார். "உக்காந்தா எந்திரிக்கணும். அந்த வேல எனக்கெதுக்கு" என்றார் அக்கா.

நிற்கிற இடத்திலும் நிலையாக நிற்க மாட்டார். கால் மாற்றிக்கொண்டே இருப்பார். பேசிக்கொண்டிருக்கும்போதே கண் வாசலுக்குப் போகும். ஏதோ ஒன்று எங்கேயோ கழன்றுகொண்டிருக்கிறது, யாரும் பார்க்கவில்லை என்கிற மாதிரி. நாலு வார்த்தை பேசினால் ஐந்தாவது வார்த்தை, "எதுக்கும் போய்ப் பாத்துட்டு வந்துருவோமே" என்பதுதான். கடையைப் பூட்டிப் பஸ் ஏறி இரண்டு ஸ்டாப் போன பிறகு இறங்கித் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். பூட்டுத் தொங்கும். அதற்காக அடுத்த நாள் திரும்பி வராமல் இருக்க மாட்டார். மகள் பத்தாவது பாஸ் பண்ணியபோது பள்ளியில் ஒட்டிய காகிதத்தில் நம்பரைக் காலையில் ஒருதரம் பார்த்தார். மத்தியானம் ஒருதரம் போனார். சாயங்காலம் மழையில் என்னையும் கூட்டிக்கொண்டு போனார், என் கண்ணும் ஒருதரம் பார்க்கட்டும் என்று.

அவருடைய வீட்டுக்காரர் பெகுவில் அரிசி மில்லில் வேலை பார்த்தார். மாதத்துக்கு ஒரு தடவை வருவார். அமைதியான மனிதர். ஒரு தடவை என்னிடம், "உங்க அக்கா சோறு போட்டுட்டு அடுப்படிக்குப் போகும். திரும்பி வந்து தட்டப் பாக்கும். நான் சாப்பிட்டேன்னு சொன்னா நம்பாது தம்பி, தட்டு சொன்னாத்தான் நம்பும்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் பெகுவிலேயே இருந்துகொள்வதற்கு அதுவும் ஒரு காரணமோ என்று எனக்குத் தோன்றியது.

ஒரு குவாரி முதலாளி புதிதாக வந்தவர். பையிலிருந்து காந்தம் ஒன்றை எடுத்துத் தகட்டில் வைத்தார். ஒட்டாமல் கீழே விழுந்தது. இது இரும்பே இல்லை, ஏமாற்றுகிறீர்கள் என்று சத்தம் போட்டார். அக்காவுக்குச் சிரிப்பு. நல்ல மாங்கனீஸ் தகட்டில் காந்தம் ஒட்டாது, கப்பென்று ஒட்டினால்தான் போலி என்று பொறுமையாகச் சொல்லி, இரண்டு தகடு விற்றும் அனுப்பினார். அந்த ஆள் காந்தத்தை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் அக்கா காந்தத்தை எடுத்துக்கொண்டு கிடங்கில் இருந்த ஒவ்வொரு தகட்டிலும் வைத்துப் பார்த்தார். எல்லாம் அவரே பார்த்து வாங்கிய சரக்கு. பாதியில் என்னைப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. "பாத்தா என்ன, தேஞ்சா போயிரும்?" என்றார்.

இந்தக் குணம் தொழிலுக்குப் பொருத்தமாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். மாங்கனீஸ் தகடு முதல் நாள் மெத்தென்று இருக்கும். கல் அடிக்க அடிக்கத்தான் அதன் மேல்தோல் இறுகும். அப்படி அடி வாங்கும்போது கொஞ்சம் பரவும், முதுகுப் பக்கம் இயந்திரத்தோடு நன்றாக அமரும். அமர்ந்ததும் போல்ட்டில் பிடி குறைந்துவிடும். அதனால் புதுத் தகடு மாட்டி நாலைந்து மணி நேரம் ஓடியதும் கிரஷரை நிறுத்தி எல்லா போல்ட்டையும் இரண்டாவது முறை இறுக்க வேண்டும். இறுக்காவிட்டால் தகடு ஆடும். ஆடுகிற தகடு உடையும். எந்தக் குவாரியிலும் ஓடுகிற கிரஷரை நிறுத்தப் பிடிக்காது. அதற்காகவே அக்கா ஒவ்வொரு தடவையும் எங்களோடு லாரியில் ஏறி வந்துவிடுவார். மற்றக் கடைக்காரர்கள் யாரும் அப்படி வருவதில்லை.

முதல் இறுக்கு முடிந்ததும் அக்கா சின்னத் தூரிகையை எடுத்து, நட்டிலிருந்து போல்ட் வரை வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு இழுப்பார். இரண்டாவது முறை இறுக்கினால் நட்டு கொஞ்சம் திரும்பும். கோடு ஒடிந்து இரண்டு துண்டாக நிற்கும். கோடு நேராக இருந்தால் யாரும் தொடவில்லை என்று அர்த்தம். யாரையும் கேட்க வேண்டியதில்லை. பிறகு குடையை விரித்துக்கொண்டு, இயந்திரம் ஓட்டுகிறவர் கண்ணில் படுகிற மாதிரி நிற்பார். தூசியில் முகத்தில் பூசிய தனக்கா மரப்பட்டைக் குழம்பும் தூசியும் ஒரே நிறமாகிவிடும். ஒரு முதலாளி, தகடு வித்தீங்க, காசு வாங்கினீங்க, இன்னும் எதுக்கு நிக்கிறீங்க அமஜீ என்று எரிந்து விழுந்தார். தகடு இன்னும் அமரவில்லை, அமர்ந்ததும் போகிறேன் என்றார் அக்கா. மூன்று மணிக்கு அவர்களாகவே நிறுத்தினார்கள். நான் இறுக்கினேன். அக்கா ஒவ்வொரு கோடாகக் குனிந்து பார்த்தார்.

எனக்கு அவரிடம் பயமும் உண்டு, ஒட்டுதலும் உண்டு. என் மனைவிக்கு ஆபரேஷன் நடந்த அன்று ஆஸ்பத்திரிக்கு மூன்று தடவை வந்தார். உள்ளே வரவில்லை. கதவுக் கண்ணாடி வழியாகப் பார்ப்பார், போய்விடுவார். மூன்றாவது தடவை என் மனைவி கையை ஆட்டினாள். அதைப் பார்த்த பிறகுதான் அன்றைக்கு வீட்டுக்குப் போனார்.

நாலு வருடத்துக்கு முன்னால், மழை முடிந்து ரோட்டு வேலைகள் தொடங்குகிற சமயம். சிட்டாங் ஆற்றுக்கு அந்தப் பக்கம், மோன் மாநிலத்தில் ஒரு குவாரிக்குத் தகடு போக வேண்டும். கிளம்புகிற அன்று அதிகாலையில் அக்காவின் மகளுக்கு வலி எடுத்துவிட்டது. அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து என்னைக் கூப்பிட்டு, நீ போய் மாட்டிவிட்டு வா என்றார். அத்தனை வருடத்தில் அவர் இல்லாமல் நான் போனது அதுதான் முதல் தடவை. பெயிண்டும் தூரிகையும் கடை அலமாரியில் இருக்கிறது, கோடு போட மறந்துவிடாதே என்றார்.

பத்தரை மணிக்குத் தகடு மாட்டி, இறுக்கி, கோடு போட்டேன். கிரஷர் ஓடத் தொடங்கியது. இரண்டரை மணிக்குக் குவாரி மேஸ்திரியிடம் போய், நிறுத்தினால் இறுக்கிவிடுவேன் என்று சொன்னேன். அவர் உரத்த குரல்காரர். ரோட்டு வேலைக்குக் கல் ஏற்ற லாரிகள் வரிசையில் நின்றன. இந்த வண்டிகள் போகட்டும் என்றார். போய் மரத்தடியில் உட்கார்ந்தேன். வண்டிகள் போயின. வேறு வண்டிகள் வந்தன. மறுபடி எழுந்து அவர் பக்கம் வரை போனேன். அவர் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். ஒரு தடவை கேட்பேன். இரண்டாவது தடவை வாய் வராது. நாலரைக்கு எங்கள் வண்டி ஓட்டுகிறவர், இருட்டினால் ரோட்டில் சோதனைக் கேட்டை அடைத்துவிடுவார்கள், கிளம்ப வேண்டும் என்று அவசரப்படுத்தினார். ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டு ஏறிவிட்டேன்.

வண்டி குவாரியை விட்டு வெளியே வரும்போது போன் வந்தது.

"தம்பி, இறுக்கியாச்சா?"

"ஆச்சுக்கா."

"ரெண்டாவது தடவ?"

"ஆச்சு."

"சரி. இங்க பொம்பளப் புள்ள பொறந்திருக்கு. தல நெறைய முடி" என்றார். அந்தக் குரலை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

இல்லை என்று சொல்லியிருந்தால் பிள்ளையைப் போட்டுவிட்டு வண்டி பிடித்துக் குவாரிக்கு வந்திருப்பார், அதனால் சொல்லவில்லை என்று எழுதலாம். எழுதினால் பாதிதான் உண்மை. மேஸ்திரியிடம் இன்னொரு தடவை கேட்க எனக்கு வாய் வரவில்லை, அதைச் சொல்லவும் வாய் வரவில்லை. காலையில் போன் போட்டு இறுக்கச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு ரங்கூன் வந்து சேர்ந்தேன்.

காலையில் நான் போன் போடுவதற்கு முன்னால் அவர்களே போட்டுவிட்டார்கள். அக்கா அப்போதுதான் கடைக்கு வந்திருந்தார். தகடு நடுவில் பிளந்துவிட்டது, போல்ட்டுகள் அறுந்துவிட்டன, வேலை நின்றுபோய் லாரிகள் காத்துக் கிடக்கின்றன என்று முதலாளி போனில் கத்தினார். உங்கள் ஆள் மறுபடி இறுக்கவே இல்லை என்றார். எனக்குக் கேட்டது. அக்கா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. எங்க தம்பி இறுக்கிட்டேன்னு சொல்லியிருக்கு, அது பொய் சொல்லாது, என்று பர்மியத்தில் சொன்னார். போனை வைத்தார். உடனே கைப்பையை எடுத்து மாட்டிக்கொண்டு, குடையைத் தேடி, வாசல் வரை போய்விட்டார். போகத்தான் போகிறார், போய்க் கோட்டைப் பார்த்துவிடுவார் என்று பயந்தேன். கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

வாசலில் நின்றார். கைப்பையைக் கழற்றினார்.

"நீதான் பாத்துட்டியே. நான் எதுக்கு?" என்றார்.

திரும்பி வந்து, நாற்காலியில் இருந்ததை எல்லாம் எடுத்துத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். முகத்தில் களைப்பும் இருந்தது, சந்தோஷமும் இருந்தது. பேத்தியைப் பற்றிப் பேசினார். அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

உடைந்ததை எடுத்துவர நான் தனியாகப் போனேன். அறுந்த போல்ட்டுகளில் நட்டு அப்படியே இருந்தது. கோடு நேராக இருந்தது. எல்லாவற்றையும் சாக்கில் கட்டி, போட்டாதாங் படகுத்துறையில் ஆற்றில் போட்டேன். தகட்டின் இரண்டு பாதியையும் கடைக்குக் கொண்டுவந்தேன்.

அந்தத் தகட்டை வார்த்தவர் ரங்கூனை ஒட்டிய லைங்தாயாவில் சின்ன வார்ப்பட்டறை வைத்திருந்த பர்மியர். நாங்கள் ஸயா, அதாவது வாத்தியார், என்று கூப்பிடுவோம். அக்காவுக்கு எட்டு வருடம் சரக்குக் கொடுத்தவர். மாங்கனீஸ் தகட்டை வார்த்த பிறகு பழுக்கக் காய்ச்சி ஒரே மூச்சில் தண்ணீரில் இறக்க வேண்டும். அதில் தாமதம் செய்தால் தகடு மண்சட்டி மாதிரி உடையும். அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு அவர் பட்டறைக்குப் போனார். அமஜீ, இந்தத் தகட்டைத் தண்ணீரில் இறக்கும்போது நானே பக்கத்தில் நின்றேன் என்றார் ஸயா.

"தகடு ஒடஞ்சிருக்கு. எங்க ஆளு ரெண்டு தடவ இறுக்கியிருக்கு. அப்ப மிச்சம் என்ன இருக்கு?" என்றார் அக்கா.

ஸயா என்னைப் பார்த்தார். நான் தரையில் கிடந்த வார்ப்பு மணலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு அக்கா அவரிடம் வாங்கவில்லை. எங்கள் தெருவில் இயந்திரச் சாமான் விற்கிற மூன்று தமிழ்க் கடைக்காரர்களிடமும் சொன்னார். அக்கா போய்ப் பார்க்காமல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் யாரும் மறுபடி விசாரிக்கவில்லை. அவர்களும் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். ஸயா கொஞ்ச நாள் பார்த்தார். பிறகு தகடு வார்ப்பதை விட்டுவிட்டுச் சாக்கடை மூடி வார்க்கத் தொடங்கினார் என்று கேள்விப்பட்டேன்.

அக்கா அதற்குப் பிறகு குவாரிக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். "நீ பாத்தா போதும்" என்பார். சாயங்காலம் பேத்தியைப் பார்க்கப் போய்விடுவார். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. இரண்டாவது முறை இறுக்கிய போல்ட்டை மூன்றாவது முறை இறுக்கினேன். வண்டியில் ஏறிய பிறகும் இறங்கிப் போய்க் கோட்டைப் பார்த்தேன். மேஸ்திரிகளிடம் வாய் விட்டுக் கேட்கவும் பழகிக்கொண்டேன். எல்லாம் ஆன பிறகு என்ன பிரயோசனம்.

போன வருடம் அக்காவுக்கு மூச்சு முட்டல் அதிகமானது. தின்கன்ஜூனில் மகள் வீட்டில் படுத்திருந்தார். படுத்திருந்தாலும் பாதங்கள் போர்வைக்குள் அசைந்துகொண்டே இருந்தன. சொல்லிவிட வேண்டும் என்று மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் எந்தக் குவாரியில் எந்தத் தகடு ஓடுகிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். நாலாவது தடவை அவராகவே பேச்சை எடுத்தார்.

"அந்த ஸயாவ நான் கொஞ்சம் கூடுதலா பேசிட்டனோ தம்பி?"

டீச்சர் அடுத்த அறையில் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார்.

"போய்ப் பாத்துட்டு வரணும்னு தோணிட்டே இருக்கு. என்னன்னு தெரியல. நீ இறுக்கினதான?" என்றார்.

"இறுக்கினேன்கா. நீங்க ஒண்ணும் கூடுதலா பேசல" என்றேன்.

முதல் பொய்யைப் பயத்தில் சொன்னேன். இரண்டாவது பொய்யை யோசித்துச் சொன்னேன். போகிற நேரத்தில் அவருக்கு வருத்தம் வேண்டாம் என்று நினைத்தேன். இப்போது நினைத்தால், அவர் ஆறுதலைக் கேட்கவில்லை. நடந்தது என்ன என்று பார்க்கத்தான் கேட்டார். பத்து நாள் கழித்துப் போய்விட்டார்.

டீச்சர் எழுதித் தரச் சொன்னதும் ஒரு மாதம் பேனாவைத் தொடவில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை லைங்தாயாவுக்குப் போனேன். ஸயாவுக்குத் தலை நரைத்துவிட்டது. பட்டறை முற்றத்தில் முன்பு இல்லாத பெரிய தண்ணீர்த் தொட்டி ஒன்று கட்டியிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் பர்மியத்தில் சொன்னேன். முடிந்ததும் அவர், தண்ணீரில் இறக்கியதில் குறை இல்லையா என்று கேட்டார். இல்லை ஸயா என்றேன். திரும்பவும், தகட்டில் குறை இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். தொட்டிப் பக்கம் கையைக் காட்டினார். அந்தத் தகடு உடைந்த பிறகு தன் தொட்டி சிறியதோ என்று இதைக் கட்டினாராம். ஒரு வருடம் துண்டு துண்டாக வார்த்து, தண்ணீரில் இறக்கி, சம்மட்டியால் உடைத்து உடைத்துப் பார்த்தாராம். தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க முடியாமல்தான் தகடு வார்ப்பதையே விட்டாராம். அவர் மகன் நாற்காலி கொண்டுவந்து போட்டார். நான் உட்காரவில்லை.

மன்னிப்புக் கேட்டேன்.

"என்கிட்ட சொன்னது பத்தாது. அமஜீ உங்க தெருவுல தமிழ்ல சொன்னாங்க. நான் பேசிப் பாக்க வந்து பக்கத்துலதான் நின்னேன். எனக்கு ஒண்ணும் புரியல, அவங்க மூஞ்சியத்தான் பாத்துட்டு நின்னேன். நீயும் தமிழ்லயே சொல்லு" என்றார்.

தெருவில் நின்று நாலு பேருக்கு முன்னால் பேச எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன். அந்த மூன்று கடைக்காரர்களும் திதிக்கு வருவார்கள், புத்தகமும் அவர்கள் கைக்குப் போகும். டீச்சரிடம் ஒன்றுதான் கேட்கிறேன். அம்மாவைப் பற்றிக் குறைவாகப் படுகிறது என்று நினைத்து இதை எடுத்துவிட வேண்டாம். அக்கா பார்க்காமல் ஒருவரைக் குறை சொன்னது அந்த ஒரே ஒரு தடவைதான், என்னை நம்பி. அதில் அவர் குற்றம் எதுவும் இல்லை.

அந்தத் தகடு நல்ல தகடு. வார்ப்பில் குறை இல்லை. தண்ணீரில் இறக்கியதில் குறை இல்லை. போல்ட்டை இரண்டாவது முறை இறுக்க வேண்டியவன் நான். நான் இறுக்கவில்லை.

ரங்கூன்,
தடின்ஜூட் பௌர்ணமிக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை.